ஈட்டி வந்தது, ஆள் வரவில்லை

தியாகராஜா எறிந்த ஈட்டியைப் பினாங்கில் பல பேர் பார்த்திருந்தார்கள். ஈட்டியை எறிந்த தியாகராஜாவைத்தான் ஒருவரும் பார்த்ததில்லை. ஐம்பத்திரண்டு வயதில் அவருக்கு இருந்த மனக்குறை அது ஒன்றுதான். மற்றபடி அரசாங்க அலுவலகத்தில் கோப்பு எழுதும் பெரிய கிராணி வேலை, ஜெலுத்தோங்கில் சொந்த வீடு, சர்க்கரை இல்லை, இரத்தக் கொதிப்பு இல்லை, மனைவி வள்ளிநாயகி வைக்கும் மீன் குழம்பில் ஒரு குறையும் இல்லை.

விஷயம் நடந்தது ஐம்பத்து மூன்றாம் வருடம். வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று சாகசப் படம் எடுக்கத் தெலுக் பஹாங் கடற்கரையில் வந்து இறங்கியது. ‘புலித்தீவு’ என்று படத்துக்குப் பெயர். ஆனால் ஊரில் அதை யாரும் அப்படிச் சொல்லவில்லை. ‘கண்ணாடிப் படம்’ என்றார்கள். கொட்டகை வாசலில் கொடுக்கும் அட்டைக் கண்ணாடியை மாட்டிக்கொண்டால் திரையில் இருப்பதெல்லாம் எழுந்து மடியில் வந்து உட்காரும். படத்தின் நடுவில், புதையல் தேடி வந்த வெள்ளைக்காரர்களை நோக்கித் தீவுக் காட்டுவாசி ஒருவன் ஈட்டி எறிவான். அந்த ஈட்டி நேராகப் பார்ப்பவர்களின் மூக்கைத் தேடி வரும். முன் வரிசையில் இருந்தவர்கள் குனிந்தார்கள் என்றும், ஒருவர் குனியும்போது பக்கத்து நாற்காலியில் முட்டிப் பல்லை உடைத்துக்கொண்டார் என்றும் அப்போது பேசிக்கொண்டார்கள்.

அந்த ஈட்டியை எறிந்தவர் பத்தொன்பது வயதுத் தியாகராஜா. பள்ளிக்கூடத்து ஈட்டி எறிதலில் இரண்டாம் பரிசு வாங்கியவர் என்று கேள்விப்பட்டுக் கம்பெனிக்காரர்கள் வந்து அழைத்துப் போனார்கள். ஆனால் படம் கொட்டகைக்கு வந்த வாரம் அவர் ஈப்போவில் கிராணிப் பயிற்சியில் இருந்தார். திரும்பி வருவதற்குள் படம் ஓடிப் போய்விட்டது. தன்னைத் தானே பார்க்காமலேயே இருபத்திரண்டு வருடம் அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. அவருக்குக் கூட்டிச் சொல்லத் தெரியாது.

எழுபத்தைந்தாம் வருடம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அந்தப் படத்தைத் தொலைக்காட்சியில் போட்டார்கள். கண்ணாடி எல்லாம் தேவைப்படாத சாதாரணப் படமாக. தியாகராஜா வீட்டுக் கூடத்தில் பதினெட்டுச் சொந்தக்காரர்கள் கூடினார்கள். நடு நாற்காலியில் வள்ளிநாயகியின் அண்ணன் ஸ்ரீஸ்கந்தராஜா. பட்டர்வொர்த்தில் ஸ்டேசன் மாஸ்டராக இருந்தவர். அவர் ஒன்று சொன்னால் மறுபேச்சு கிடையாது. குடும்பத்தில் பெண் பார்ப்பதா, நிலம் வாங்குவதா, எல்லாம் அவர் தலையசைத்த பிறகுதான் நகரும்.

கட்டம் வந்தது. திரையில் ஒரு பெரிய தென்னை மரம். மரத்துக்குப் பின்னாலிருந்து ஒரு கை நீண்டது. ஈட்டி பறந்தது. அடுத்த கணம் வெள்ளைக்காரர்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள்.

பதினெட்டுத் தலைகளும் தியாகராஜா பக்கம் திரும்பின.

“மச்சான், ஈட்டி வந்துச்சு. ஆள் வரலையே?” என்றார் ஸ்ரீஸ்கந்தராஜா.

“அது என் கை, அத்தான்.”

“கையில பேரு எழுதியிருந்துச்சா?”

பதினெட்டுப் பேரும் சிரித்த சிரிப்பில் வள்ளிநாயகி கொண்டுவந்த தேநீர் தட்டிலேயே ஆடியது. அன்றிலிருந்து தியாகராஜா அந்தக் குடும்பத்தில் ‘தென்னமரம்’ ஆனார். கல்யாண வீடு, கருமாதி வீடு எங்கே போனாலும் ஸ்ரீஸ்கந்தராஜா அவரைப் புதியவர்களுக்கு அறிமுகப்படுத்துவார். “இவர் நம்ம மச்சான். சினிமாவில நடிச்சவர். கையை மட்டும் அனுப்பி வைப்பார்.”

பதினோரு வருடம் இப்படியே போனது. பதினோரு வருடமும் தியாகராஜா ஒரு காரியத்தை விடாமல் செய்தார். டவுனில் பழைய கொட்டகை ஒன்றில் படம் ஓட்டும் அப்துல் காதரை மாதத்துக்கு ஒரு தடவை தேநீர்க் கடையில் பிடித்து, “அந்தக் கண்ணாடிப் படம் எங்கயாச்சும் இருக்கா காதர் அண்ணே?” என்று கேட்பார். காதர் உதட்டைப் பிதுக்குவார்.

எண்பத்தாறாம் வருடம் ஜூன் மாதம் காதர் உதட்டைப் பிதுக்கவில்லை.

“தியேட்டரை மாசக் கடைசியில மூடுறாங்க. எல்லாரும் வீட்டுல வீடியோ பாக்குறாங்க, இங்க யாரு வர்றா? ஸ்டோரைக் காலி பண்ணச் சொன்னாங்க. பண்ணினேன். ஒங்க படம் இருக்கு சார். ஒண்ணு இல்ல, ரெண்டு இருக்கு.”

“ரெண்டு எதுக்கு?”

“கண்ணாடிப் படம்னா ரெண்டுதான் சார். எடது கண்ணுக்கு ஒரு படம், வலது கண்ணுக்கு ஒரு படம். பக்கத்துப் பக்கத்துல ரெண்டு கேமரா வச்சு எடுத்தது. ரெண்டு மெஷினும் ஒண்ணாச் சேந்து ஓடணும். டீவியில காட்டுனது வலது கண்ணுப் படம் மட்டும்தான் இருக்கும்.”

தியாகராஜாவுக்கு அந்த விளக்கம் பாதிதான் புரிந்தது. ஆனால் தான் பார்த்தது பாதிப் படம் என்பது முழுதாகப் புரிந்தது.

கொட்டகைக்குச் சொந்தக்காரரை யார் மூலமாகவாவது பிடிக்கலாம் என்று சுற்றி வளைத்து யோசித்தவர், கடைசியில் நேராக மேனேஜரிடமே போய்க் கேட்டார். ஞாயிற்றுக்கிழமை காலையில் காட்சி கிடையாது. அந்த நேரத்தில் என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள், மாதக் கடைசியில் படப் பெட்டிகள் போய்விடும் என்றார் மேனேஜர். ஸ்ரீஸ்கந்தராஜாவைக் கொட்டகைக்கு அழைத்துக் காட்டலாம் என்றால், மூட்டைப்பூச்சி இருக்கிற இடத்துக்கு அவர் வரமாட்டார். ஒரே வழி, படத்தை வீடியோவில் பிடித்து வீட்டுக்குக் கொண்டுபோவது.

வீடியோ என்றால் ஜெலுத்தோங்கில் ஹமீதாதான். பாசார் என்கிற சந்தைக்கு எதிரே சின்னதாக ஒரு கடை. முஸ்லிம் கல்யாணங்களில் பெண்கள் பக்கம் படம் எடுக்க ஆண்களை உள்ளே விடமாட்டார்கள் என்பதால் அவளுக்கு வாரம் தவறாமல் வேலை. முப்பது வயது, தோளில் பெரிய கேமரா, தலையில் துணி, வாயில் எப்போதும் ஏதாவது ஒரு நியாயம்.

“அங்கிள், வீடியோவுல ரெண்டு படம் எப்படி வரும்? ஒரு டீவிதானே இருக்கு?” என்றாள்.

பிறகு அவளே இரண்டு நாள் யோசித்துப் பதிலையும் கண்டுபிடித்தாள். கறுப்பு வெள்ளைப் படம்தானே? இடது படத்தைச் சிவப்பு வெளிச்சமாகவும் வலது படத்தை நீல வெளிச்சமாகவும் ஒரே திரையில் ஒன்றின்மேல் ஒன்றாக விழ வைக்க வேண்டும். அதைக் கேமராவில் பிடிக்க வேண்டும். இடது கண்ணில் சிவப்பும் வலது கண்ணில் நீலமும் ஒட்டிய அட்டைக் கண்ணாடி போட்டுப் பார்த்தால் அந்தந்தக் கண்ணுக்கு அதனதன் படம். சிவப்பும் நீலமும் சீனர் கடையில் லாந்தர் செய்ய விற்கும் கண்ணாடித் தாள். அட்டைக்கு, அவள் கடையில் தேங்கிக் கிடந்த பழைய கல்யாணப் பத்திரிகைகள்.

முதல் ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் கொட்டகைக்குள் போனார்கள். காதர் மெஷின் அறையில் இரண்டு மெஷினுக்கும் படத்தை மாட்டி, சுவரில் வெளிச்சம் வெளியேறும் இரண்டு ஓட்டைகளில் கண்ணாடித் தாளை ஒட்டினார். ஒரு மெஷினுக்கு அவர், மறு மெஷினுக்குத் தியாகராஜா. கீழே பத்தாம் வரிசையில் ஹமீதா கேமராவோடு.

“மூணு சொன்னதும் சுவிட்ச்சைத் தட்டணும் சார். ஒண்ணு, ரெண்டு…”

தியாகராஜா இரண்டிலேயே தட்டிவிட்டார். மறுபடி முதலிலிருந்து. அடுத்த தடவை சரியாக நடந்தது. ஹமீதா கீழிருந்து “ஆகா!” என்று கத்தினாள். கப்பல் ஒன்று திரையைக் கிழித்துக்கொண்டு நாற்காலிகளுக்கு மேல் மிதந்து வந்ததாம். ஆறு நிமிடம் அப்படியே போனது.

ஏழாவது நிமிடத்தில் கதாநாயகனின் தொப்பி ஒரு பக்கம் போனது. தலை பின்னால் போனது. கதாநாயகி திரும்பிப் பார்த்தாள். சற்று நேரம் கழித்து அவளுடைய இன்னொரு முகம் திரும்பிப் பார்த்தது. ஒரு கிளி பறந்து போன பிறகு அதன் சிறகுகள் பறந்தன. ஹமீதா அட்டைக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, வாசலுக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

“அங்கிள், இன்னும் ரெண்டு நிமிசம் பாத்தா சாப்பிட்டதெல்லாம் வெளிய வந்துடும் லா.”

காதர் இரண்டு மெஷினையும் நிறுத்தினார். இடது படத்தின் சுருளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு தலையைச் சொறிந்தார்.

“ஃபிலிம் அறுந்தா ஓரத்தை வெட்டி ஒட்டுவோம் சார். வேற படம்னா பரவாயில்ல. இதுல ஒரு பக்கம் பத்துக் கட்டம் போச்சுன்னா, போன அளவுக்குக் கறுப்பு ஃபிலிமை வச்சு ஒட்டணும். இல்லாட்டி ஒரு கண்ணு முன்னாடி ஓடிடும். அந்தக் காலத்துல எவனோ கறுப்பு வைக்காமலே ஒட்டியிருக்கான்.”

“யாரு அந்த அறிவு கெட்டவன்?” என்றார் தியாகராஜா.

காதர் சுருளை மேசையில் வைத்தார். “அப்ப எனக்குக் கல்யாணமாகி ரெண்டு வாரம் சார். சீக்கிரம் வீட்டுக்குப் போகணும்னு இருந்துச்சு.”

ஆகவே படத்தைச் செப்பனிட வேண்டியதாயிற்று. ஒரு நீள மேசையில் இடது சுருளையும் வலது சுருளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கட்டம் கட்டமாக ஒப்பிட்டு, எங்கே எத்தனை கட்டம் குறைகிறது என்று எண்ணி, அந்த அளவுக்குக் கறுப்புத் துண்டு வெட்டி ஒட்டினார்கள். பூஞ்சை பிடித்த இடங்களைத் துணியில் ஸ்பிரிட் நனைத்துத் துடைத்தார்கள். சுருள்களிலிருந்து ஊறுகாய் ஜாடியைத் திறந்ததுபோல ஒரு புளித்த வாடை. தியாகராஜா அலுவலகத்தில் பத்து நாள் லீவு எழுதிக் கொடுத்தார். காரணம் என்ற இடத்தில் ‘குடும்ப விஷயம்’ என்று எழுதினார். அது பொய்யில்லை.

எண்ணுவதில் ஹமீதாவுக்குத்தான் பொறுமை. காதர் முப்பதைத் தாண்டினால் இருபத்தெட்டுக்குத் திரும்பிவிடுவார். தியாகராஜா ஒவ்வொரு கட்டத்திலும் தன்னைத் தேடிக்கொண்டிருந்ததால் எண்ணிக்கையைக் கோட்டைவிட்டார். நான்காவது சுருளில் தென்னை மரம் வந்தபோது, அவருக்கு வாய் உலர்ந்து போனதால் தேநீர் வாங்கி வருகிறேன் என்று வெளியே போய்விட்டார்.

மூன்று பிளாஸ்டிக் பைகளில் தேநீரைத் தொங்கவிட்டுக்கொண்டு அவர் திரும்பி வந்தபோது, ஹமீதா பூதக்கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு சுருளிலிருந்து மறு சுருளுக்குத் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அங்கிள், இது என்ன கூத்து? வலது படத்துல மரமும் கையும்தான் இருக்கு. எடது படத்துல அதே மரத்துக்குப் பக்கத்துல ஒரு ஆளு நிக்கிறாரு.”

“ஆளா?”

“முழு ஆளு. தலையில எறகு எல்லாம் வச்சு.”

காதர் எட்டிப் பார்த்துவிட்டு விரலைச் சொடுக்கினார். “அது சரிதான். மரம் கேமராவுக்குக் கிட்டக்க இருக்கு. நீங்க கையை மூக்குக்கு முன்னாடி வச்சுக்கிட்டு ஒரு கண்ணை மூடிப் பாருங்க, அடுத்த கண்ணை மூடிப் பாருங்க. ஒரு கண்ணுக்கு மறையுறது மறு கண்ணுக்குத் தெரியும். வலது கேமராவுக்கு மறைஞ்ச ஆளு எடது கேமராவுல மாட்டிக்கிட்டாரு. அந்தக் காலத்துல எல்லாரும் ஈட்டிக்குக் குனிஞ்சதுல இவரை யாரும் பாக்கல.”

தியாகராஜா தேநீர்ப் பைகளை எங்கே வைத்தார் என்று அவருக்கே தெரியாது. பூதக்கண்ணாடியை வாங்கிக் குனிந்தார்.

தபால் தலை அளவுக் கட்டத்துக்குள் பத்தொன்பது வயதுத் தியாகராஜா நின்றிருந்தார். ஒல்லி உடம்பு. நெஞ்சில் வெள்ளைக் கோடுகள். இடுப்பில் ஓலைப் பாவாடை. தலையில் கோழி இறகு. ஓங்கிய கையில் ஈட்டி. முப்பத்து மூன்று வருடத்துக்குப் பிறகு முதல் தடவையாகத் தன்னைப் பார்த்த அவருக்குக் கண் கலங்கியது. அத்தானின் முகம் எப்படிப் போகப் போகிறது என்று நினைத்து உடம்பெல்லாம் இனித்தது.

அப்போதுதான் மூக்குக்கு மேலே இருந்ததைப் பார்த்தார்.

“அங்கிள்,” என்று ஹமீதா மெதுவாக இழுத்தாள், “அந்தக் காட்டுவாசி மூக்குக் கண்ணாடி போட்டிருக்காரு.”

தியாகராஜா நாற்காலியில் உட்கார்ந்தார். அந்தக் கதையில் அவர் யாரிடமும் சொல்லாமல் விட்ட ஒரே பகுதி அதுதான். அவர் கூட்டிச் சொல்லாதவர் என்பது உண்மை; இந்த ஓர் இடத்தில் மட்டும் கொஞ்சம் குறைத்திருந்தார். அவருக்குப் பன்னிரண்டு வயதிலிருந்தே கிட்டப் பார்வை. டைரக்டர் கண்ணாடியைக் கழற்றச் சொன்னார். கழற்றி ஒத்திகையில் எறிந்த முதல் ஈட்டி, சாப்பாட்டுக் கூடாரத்துக்குள் போய் ஒரு பானைச் சோற்றில் நின்றது. இரண்டாவது, டைரக்டரின் நாற்காலியில். “கண்ணாடி இல்லாட்டி உங்க கேமராவையே குத்திடுவேன், சார்” என்றார் தியாகராஜா. டைரக்டர் தன் நாற்காலியைப் பார்த்தார், கேமராவைப் பார்த்தார், கண்ணாடியை மாட்டிக்கொள்ளச் சொல்லிவிட்டு அவரைத் தென்னை மரத்துக்குப் பின்னால் நிறுத்தினார். கேமராவில் ஒரு கண்ணை வைத்துப் பார்த்து, ஆள் தெரியவில்லை, கை மட்டும் தெரிகிறது, நல்லது என்றார். அவர் பார்த்தது வலது கேமராவில்.

தியாகராஜா நாற்காலியை மேசைக்குக் கிட்டே இழுத்துப் போட்டார்.

“காதர் அண்ணே. இந்த எடத்துல ஃபிலிம் கெட்டுப் போச்சுன்னு வச்சுக்குவோம். முகத்துக்கு நேரா மட்டும் கொஞ்சம் கறுப்பு வச்சா என்ன?”

“முகத்துக்கு மட்டும் எப்படி சார் வைக்கிறது? வச்சா நாப்பது கட்டமும் கறுப்புத்தான். மறுபடி மரமும் கையும்தான் மிஞ்சும்.”

“நாப்பத்தி ரெண்டு கட்டம்,” என்றாள் ஹமீதா. “அங்கிள், கல்யாண வீடியோவுல மாப்பிள்ளைக்கு மூக்குல பரு இருந்தா பரு இருக்கத்தான் செய்யும். பரு பிடிக்கலன்னு மாப்பிள்ளையை வெட்டுனா அது என்ன கல்யாணம்?”

வீட்டுக்கு வந்த தியாகராஜா சரியாகச் சாப்பிடவில்லை. ஆள் இல்லாத ஈட்டி ஒரு பக்கம்; கண்ணாடி போட்ட காட்டுவாசி மறு பக்கம். ‘தென்னமரம்’ என்ற பெயரோடு பதினோரு வருடம் காலம் தள்ளியாயிற்று, பழகிவிட்டது. இதைக் காட்டினால் அத்தான் என்ன பெயர் வைப்பார் என்று நினைத்துப் பார்க்கவே பயமாக இருந்தது. இரண்டு நாள் கழித்து, வள்ளிநாயகி பின்கட்டில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தபோது, கயிற்றின் மறுபக்கம் ஒரு போர்வைக்குப் பின்னால் நின்றுகொண்டு எல்லாவற்றையும் சொன்னார்.

வள்ளிநாயகி கிளிப்பை வாயிலிருந்து எடுத்தாள்.

“இவ்வளவுதானா? நான் வேற என்னமோன்னு நெனச்சேன், ரெண்டு நாளா மூஞ்சியைத் தூக்கி வச்சிருந்தீங்களே.”

“உங்க அண்ணன் சிரிப்பாரே.”

“சிரிக்கட்டும். கண்ணாடி இல்லாம நீங்க வந்தா அது நீங்கதான்னு அண்ணன் எப்படி நம்பும்? கல்யாணமான முதல் வாரம், குளிச்சிட்டுக் கண்ணாடி இல்லாம வந்து நின்னீங்க. யாரோ அடுத்த வீட்டு ஆளுன்னு நான் கதவைச் சாத்திட்டேன். ஞாபகம் இருக்கா?”

அவருக்கு ஞாபகம் இருந்தது. துண்டோடு கால் மணி நேரம் வெளியே நின்றதும் ஞாபகம் இருந்தது. போர்வையை விலக்கிக்கொண்டு வந்து மீதித் துணியை அவரே கொடியில் போட்டார்.

கடைசி ஞாயிற்றுக்கிழமை இரண்டு படமும் ‘மூணு’ என்றதும் சரியாகக் கிளம்பி, கடைசி வரைக்கும் பிரியாமல் ஓடின. ஹமீதா இரண்டு கேசட்டில் பிடித்தாள். வெளிச்சம் கொஞ்சம் துடித்தது, ஓரங்களில் சிவப்பு வழிந்தது, ஒரு இடத்தில் காதர் தும்மியது பதிவாகிவிட்டது. ஆனால் கப்பல் வந்தது, கிளி வந்தது, தொப்பியும் தலையும் சேர்ந்தே வந்தன.

அடுத்த ஞாயிறு மத்தியானம் சாப்பாட்டுக்குச் சொந்தக்காரர்களை எல்லாம் கூப்பிட்டார். இந்தத் தடவை இருபத்திரண்டு பேர். ஹமீதாவும் காதரும் தனி. ஆளுக்கு ஓர் அட்டைக் கண்ணாடி கொடுத்தார்கள். தியாகராஜாவின் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தது. எல்லாரும் வந்துவிட்டார்கள், அத்தானை மட்டும் காணோம்.

இரண்டு மணிக்கு ஸ்ரீஸ்கந்தராஜாவின் கார் வாசலில் வந்து நின்றது. அவர் இறங்கினார். அவருடைய இடது கண்ணில் வெள்ளையாக ஒரு பெரிய கட்டு.

“புரை எடுத்தாச்சு. வியாழக்கிழமை ஆப்பரேசன். யாருக்கும் சொல்லல, எல்லாரும் ஆஸ்பத்திரிக்குப் பழம் தூக்கிட்டு வருவீங்கன்னு,” என்றார் அவர். “ஒரு கண்ணு போதும். படத்தைப் போடு.”

காதர் தியாகராஜாவைப் பார்த்தார். தியாகராஜா கூரையைப் பார்த்தார். மூன்றே கால் கோடிக் கண்கள் உள்ள இந்த நாட்டில், இந்த ஒரு கண்ணுக்குப் பார்த்தா கட்டுப் போட வேண்டும்?

படம் ஓடியது. அட்டைக் கண்ணாடி போட்ட மற்ற இருபத்தோரு பேரும் கப்பலுக்குக் குனிந்தார்கள், கிளியைப் பிடிக்கக் கையை நீட்டினார்கள். ஸ்ரீஸ்கந்தராஜா மட்டும் கட்டுக்கு மேல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நடு நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்தார். தென்னை மரம் வந்தது. கை ஓங்கியது. ஈட்டி கூடத்துக்குள் பாய்ந்து வந்தது.

“மாமா! மாமா இருக்காரு!” என்று மருமகள் யோகலட்சுமி துள்ளி எழுந்தாள். “ஐயோ, கண்ணாடியோட நிக்கிறாரு!” கூடமே எழுந்து நின்று கத்தியது.

“என்ன கத்துறீங்க?” என்றார் ஸ்ரீஸ்கந்தராஜா. “மரம் வந்துச்சு. கை வந்துச்சு. பழைய கைதான்.”

“இல்ல அண்ணே, முழுசா நிக்கிறாரு!” என்றாள் வள்ளிநாயகி.

“வள்ளி, நீ அவர் சம்சாரம். நீ அப்படித்தான் சொல்லுவ. எல்லாரும் சேந்து பேசி வச்சிருக்கீங்க. நான் முப்பத்தஞ்சு வருசம் ரயில்வேயில இருந்தவன். வண்டி வந்துச்சா இல்லையான்னு எனக்கு யாரும் சொல்லத் தேவையில்ல.”

தியாகராஜா முன்னால் ஓர் அடி வைத்தார். இடது கண், வலது கேமரா, மரம், மூக்கு என்று எதை எங்கே ஆரம்பித்து இந்த மனிதருக்கு விளக்குவது? அதற்குள் ஹமீதா நாற்காலிகளுக்கு நடுவில் புகுந்து அவர் முன்னால் போய் நின்றாள்.

“பெரிய அங்கிள், ஒங்க கண்ணாடியைக் கழட்டி முன்பின்னாத் திருப்பிப் போடுங்க. செவப்பு வலது கண்ணுக்கு வரட்டும்.”

“குடுத்த மாதிரிதான் போடணும். அதுதான் ரூல்.”

“ரெண்டு கண்ணு உள்ளவங்களுக்குத்தான் அந்த ரூல். ஒரு கண்ணுக்கு வேற ரூல்.”

ஸ்ரீஸ்கந்தராஜாவுக்கு ரூல் என்றால் மரியாதை. தனக்கென்று தனி ரூல் என்றால் இன்னும் மரியாதை. கண்ணாடியைத் திருப்பி மாட்டினார். ஹமீதா கேசட்டைப் பின்னால் ஓட்டினாள். மரம் வந்தது. கை வந்தது.

“நிறுத்து,” என்றார் அவர்.

படம் நின்றது. நிறுத்தினால் அந்தக் காலத்து வீடியோ சும்மா நிற்காது, நடுங்கும். நெஞ்சில் கோடும் தலையில் இறகும் மூக்கில் வட்டக் கண்ணாடியுமாகப் பத்தொன்பது வயதுத் தியாகராஜா திரையில் வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தார். சுவரோரம் நின்ற ஐம்பத்திரண்டு வயதுத் தியாகராஜாவும் அப்படித்தான்.

“மறுபடி போடு.”

போட்டாள். இன்னொரு தடவை போடச் சொன்னார். அதையும் போட்டாள். ஸ்ரீஸ்கந்தராஜா அட்டைக் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தார்.

“மச்சான்.”

“அத்தான்.”

“காட்டுவாசி வேசம்.”

“ஆமா அத்தான்.”

“கண்ணாடி.”

“ஆமா.”

“அந்தத் தீவுல கண்ணாடிக் கடை எந்தப் பக்கம் இருந்துச்சு?”

கூடம் வெடித்துச் சிரித்தது. தியாகராஜா இந்தச் சிரிப்புக்குத்தான் இத்தனை நாளாகப் பயந்துகொண்டிருந்தார். வந்த பிறகு பார்த்தால் அது அவ்வளவு வலிக்கவில்லை. அவரே முன்னால் வந்து நின்று, சோற்றுப் பானையில் நின்ற ஈட்டியையும் டைரக்டர் நாற்காலியையும் ஒன்று விடாமல் சொன்னார். சோற்றுப் பானை வந்த இடத்தில் யோகலட்சுமி சிரிப்புத் தாங்காமல் தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஸ்ரீஸ்கந்தராஜாவின் ஒரு கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. மறு கண்ணுக்கு நல்லதில்லை, சிரிக்காதீர்கள் என்று அவர் மனைவி முதுகைத் தட்டினாள்.

சிரிப்பு அடங்கியதும் அவர் எழுந்தார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். பிளாட்பாரத்தில் அறிவிப்புச் செய்கிற குரலில், எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்.

“பதினோரு வருசம் தாமதம். தப்பு என் பக்கம். மன்னிக்கணும் மச்சான்.”

கையை நீட்டினார். தியாகராஜா இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டார். என்ன சொல்வதென்று தெரியாமல், “சாப்பிட்டீங்களா அத்தான்?” என்றார்.

அதன் பிறகு ஹமீதாவின் கடையில் அந்த இரண்டு கேசட்டுகளுக்கும் பிரதி போட்டு மாளவில்லை. முதல் பிரதியைக் கேட்டு வாங்கியவர் ஸ்ரீஸ்கந்தராஜாதான். கட்டு அவிழ்த்த அன்றே இரண்டு கண்ணாலும் ஒரு தடவை பார்த்தார். மறு வாரம் ரயில்வே நண்பர்களை அழைத்துக் காட்டினார்.

நவம்பரில் உறவில் ஒரு கல்யாணம். பந்தி முடிந்து தியாகராஜா கை கழுவிவிட்டு வந்தபோது, மண்டபத்தின் ஒரு மூலையில் மாப்பிள்ளை வீட்டு ஆட்கள் கூட்டமாக நின்றிருந்தார்கள். நடுவில் அத்தானின் குரல்.

“…எதிர்ல மூணு முதலை. மூணும் வாயைத் திறந்துக்கிட்டு. டைரக்டர் ஓடிட்டான். கேமராமேன் ஓடிட்டான். நம்ம மச்சான் அசையல. கண்ணாடியைச் சரி பண்ணிக்கிட்டாரு பாருங்க, அவ்வளவுதான். ஈட்டியை எடுத்தாரு…”

தியாகராஜா திடுக்கிட்டு நின்றார். தெலுக் பஹாங்கில் அவர் பார்த்த மிருகம் ஒரு பூனை, அதுவும் சமையல்காரனுடையது.

“இதோ, ஆளே வந்துட்டாரு!” என்று ஸ்ரீஸ்கந்தராஜா அவர் தோளில் கையைப் போட்டு நடுவில் இழுத்தார். ஒரு பட்டுச் சட்டைக்காரர் கண்களை அகல விரித்துக்கொண்டு கேட்டார்.

“உண்மையா சார்? மூணு முதலையா?”

இல்லை என்று சொல்லத் தியாகராஜா வாயெடுத்தார். பக்கத்தில் நின்ற அத்தானைப் பார்த்தார். அந்த முகத்தில் அவ்வளவு பெருமை. புது லென்ஸ் வைத்த கண் பளபளவென்று மின்னியது. எதிரே எட்டுப் பத்துப் பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். வாழ்நாளில் முதல் தடவையாக அவருக்குக் கூட்டிச் சொல்ல வந்தது.

“ரெண்டுதான்,” என்றார் தியாகராஜா. “மூணாவது ரப்பரு.”